சொந்த ஊரும் எழுதி வைத்த பெயரும்

வெளி மாநிலங்களில் குடியேறி வாழும் தமிழ் மக்களுக்கு ஆங்கிலச் சொற்கள் நூல்களின் வழியாக வருவதைக் காட்டிலும் படிவங்களின் வழியாக வருவதே மிகுதி. பிள்ளையைப் பள்ளியில் சேர்க்க ஒரு படிவம். வேலையில் அமர்ந்த முதல் நாளில் ஒரு படிவம். வங்கியில் கணக்குத் தொடங்க ஒன்று. வீடு வாங்கினால் ஒரு கட்டு. எதிரே அமர்ந்திருக்கும் எழுத்தர் இந்தியிலோ மராத்தியிலோ வங்காளியிலோ அவசரப்படுத்துவார். பின்னால் வரிசை நிற்கும். பொருள் விளங்கியதோ இல்லையோ, கட்டத்தை நிரப்பிக் கையொப்பம் இட்டுவிட்டு நாம் வெளியே வந்துவிடுகிறோம்.

அத்தகைய கட்டங்களில் அடிக்கடி கண்ணில் படும் இரண்டு சொற்களை எடுத்துக்கொண்டு அவற்றின் பொருளையும் வழக்கையும் ஆராய எண்ணுகிறோம். ஒன்று டொமிசைல், மற்றொன்று நாமினி. இவை தம்முள் உறவில்லாத சொற்கள். ஒன்று வீட்டைப் பற்றியது, மற்றொன்று பெயரைப் பற்றியது. எனினும் இரண்டையும் சேர்த்துப் பேசுவதற்குக் காரணம் உண்டு. இவ்விரு சொற்களும் வந்து அமரும் இடத்தில், நம் தமிழ் உள்ளத்தில் முன்பே வலிமையான ஒரு கருத்து குடிகொண்டிருக்கிறது. டொமிசைல் என்று கண்டதும் நாம் 'சொந்த ஊர்' என்று கொள்கிறோம். நாமினி என்று கண்டதும் 'சொத்தை எழுதி வைத்தல்' என்று கொள்கிறோம். நாம் தமிழில் நினைத்து ஆங்கிலத்தில் நிரப்புகிறோம். அலுவலகமோ அதைச் சட்டத்தின் மொழியில் படிக்கிறது. இந்த இடைவெளியில் பிள்ளைகளின் படிப்பும், விதவைகளின் பிழைப்பும் சிக்கிக்கொள்வதைப் பார்த்திருக்கிறோம்.

முதலில் சொற்பிறப்பைச் சிறிது காண்போம். டொமிசைல் என்பதன் முற்பகுதி, வீடு என்னும் பொருளுடைய 'டோமுஸ்' என்ற லத்தீன் சொல். அதே வேரிலிருந்து வடமொழியில் வீட்டைக் குறிக்கும் 'தம்' என்ற பழஞ்சொல் உண்டு. வீட்டுக்கு உரியவர் என்ற கருத்தில் அதிலிருந்து பிறந்ததே நம் திருமண அழைப்புகளில் வரும் 'தம்பதி' என்பர் மொழியறிஞர். நாமினி என்பதோ பெயர் என்னும் பொருளுடைய 'நோமென்' என்ற லத்தீன் சொல்லின் வழி வந்தது. இது வடமொழி 'நாம'த்துக்கு உடன்பிறப்பு. ஆக, அர்ச்சனைச் சீட்டில் எழுதும் நாமமும் வங்கிப் படிவத்தில் எழுதும் நாமினியும் தூரத்து உறவினர்களே. ஆயினும், சொற்பிறப்பை நம்பிக் கட்டத்தை நிரப்புவது ஆபத்து. ஒரு சொல்லுக்கு அகராதி ஒரு பொருளைக் கொடுக்கிறது. சட்டம் வேறொன்றைக் கொடுக்கிறது. படிவத்தில் செல்லுவது பின்னதே.

டொமிசைல் என்ற சொல்லுக்கு ஆங்கிலச் சட்டத்தில் உள்ள பழைய பொருள் மிக நுட்பமானது. ஒருவன் எந்த நாட்டைத் தன் நிலையான இல்லமாகக் கொண்டிருக்கிறானோ, எந்த நாட்டின் சட்டம் அவனுடைய திருமணத்தையும் வாரிசுரிமையையும் ஆளுகிறதோ, அந்நாட்டுடன் அவனுக்குள்ள பிணைப்பே டொமிசைல். பிறக்கும்போதே தந்தையின் வழியாக ஒன்று வந்து ஒட்டிக்கொள்கிறது. பிறகு வேறொரு நாட்டில் நிலையாகத் தங்கிவிடும் கருத்தோடு குடியேறினாலொழிய அது விலகுவதில்லை. வெறும் வசிப்பு போதாது, கருத்தும் வேண்டும்.

இதற்கு உதாரணமாகச் சட்ட மாணவர்கள் படிக்கும் வழக்கு ஒன்றை இங்கே சொல்லவேண்டும். அதில் வரும் மனிதர் நம்மவர்க்கு மிகவும் பழக்கப்பட்டவர் போலத் தோன்றுவார். ஸ்காட்லாந்தில் கிளாஸ்கோ நகரத்தில் 1845-ஆம் ஆண்டில் பிறந்த ஒருவர், 1892-இல் இங்கிலாந்திலுள்ள லிவர்ப்பூலுக்குத் தம் உடன்பிறந்தாரோடு வாழச் சென்றார். 1927-இல் இறக்கும்வரை அங்கேயே இருந்தார். தாயின் இறுதிச் சடங்குக்குக்கூட ஊர் திரும்ப மறுத்துவிட்டார். தம்மை அடக்கம் செய்யவேண்டிய இடத்தையும் லிவர்ப்பூலிலேயே ஏற்பாடு செய்துகொண்டார். ஆனால் தாம் கிளாஸ்கோக்காரர் என்பதைப் பெருமையோடு சொல்லிக்கொண்டிருந்தார். கிளாஸ்கோவிலிருந்து வாரப் பத்திரிகை ஒன்றை வரவழைத்துப் படித்து வந்தார். சாட்சிகளின் கையொப்பம் இல்லாமல் தம் கையாலேயே ஓர் உயிலையும் எழுதியிருந்தார். அவ்வுயில் ஸ்காட்லாந்துச் சட்டப்படி செல்லும்; இங்கிலாந்துச் சட்டப்படி செல்லாது. ஆகவே அவர் எந்நாட்டவர் என்று முடிவு கட்டவேண்டி வந்தது. 1930-இல் பிரபுக்கள் சபை, அவர் கடைசிவரை ஸ்காட்லாந்து டொமிசைல் உடையவரே என்று தீர்ப்பளித்தது. முப்பத்தைந்து ஆண்டு வசிப்பும், வாங்கி வைத்த கல்லறை இடமும் அவரை இங்கிலாந்தவர் ஆக்கவில்லை.

இந்தப் பொருளில் பார்த்தால் டொமிசைல் என்பது நம் 'சொந்த ஊர்' என்ற கருத்துக்கு மிக நெருங்கியதே. மாட்டுங்காவில் மூன்று தலைமுறையாக இருந்துகொண்டு, "நமக்குச் சொந்த ஊர் கல்லிடைக்குறிச்சி" என்று சொல்பவரும், கரோல்பாகில் பிறந்து வளர்ந்து கும்பகோணத்தைப் பார்த்தே இராத பிள்ளையும் இதை உடனே புரிந்துகொள்வார்கள். தொல்லை இங்கேதான் தொடங்குகிறது. நம் மாநில அலுவலகங்களில் வழங்கும் டொமிசைல் என்ற சொல் இந்தப் பொருளை உடையதன்று.

இந்திய அரசியல் சட்டத்தின் 5-ஆம் பிரிவில் டொமிசைல் என்ற சொல் வருகிறது. அங்கே சொல்லப்படுவது இந்திய நாட்டின் எல்லைக்குள் டொமிசைல் என்பதே. சென்னை மாகாணத்திலோ பம்பாய் மாகாணத்திலோ டொமிசைல் என்று அன்று. ஆனால் மாநில அரசுகள் தம் கல்லூரி இடங்களைத் தம் மக்களுக்கு ஒதுக்க விரும்பியபோது, கைக்கு அகப்பட்ட இச்சொல்லை எடுத்து ஆண்டுவிட்டன. இது குறித்து முதலில் எழுந்த பெரிய வழக்கு 1955-ஆம் ஆண்டினது. இந்தூரில் உள்ள மகாத்மா காந்தி நினைவு மருத்துவக் கல்லூரியில் அன்றைய மத்திய பாரத மாநிலத்து மாணவர்களுக்குத் தலைக்கட்டணம் இல்லை. பிற மாநிலத்தாருக்கு உண்டு. டில்லியைச் சேர்ந்த மாணவர் ஒருவர் இதை எதிர்த்து உச்ச நீதிமன்றத்துக்குச் சென்றார். பிறப்பிடத்தைக் காரணமாகக் காட்டி அரசு வேற்றுமை பாராட்டக்கூடாது என்று அரசியல் சட்டத்தின் 15-ஆம் பிரிவு சொல்கிறதே என்பது அவர் வாதம். பெரும்பான்மைத் தீர்ப்பை எழுதியவர் நம் நீதிபதி தி. லெ. வெங்கடராம ஐயர். முத்துசுவாமி தீட்சிதரின் கிருதிகளில் தோய்ந்த சங்கீத விற்பன்னர் என்று வேறொரு வகையிலும் நேயர்கள் அவரை அறிந்திருக்கக்கூடும். அக்கல்லூரி விதியில் டொமிசைல் என்ற சொல் வசிப்பு என்ற பொருளிலேயே ஆளப்பட்டிருக்கிறது. வசிப்பிடம் வேறு, பிறப்பிடம் வேறு. பிறப்பிடத்தால் வேற்றுமை கூடாது என்ற விதி வசிப்பிடத்தைத் தடுக்காது என்பது தீர்ப்பின் சாரம். மாணவர் தோற்றார்.

ஏறக்குறைய முப்பது ஆண்டுகள் கழித்து, 1984-இல், பிரதீப் ஜெயின் வழக்கில் நீதிபதி பகவதி இதைத் தெளிவுபடுத்தினார். இந்தியக் குடிமகனுக்கு ஒரே டொமிசைல்தான் உண்டு, அது இந்திய டொமிசைல். மாநிலத்துக்கு ஒரு டொமிசைல் என்பது இல்லை. மாநிலங்கள் அச்சொல்லால் குறிப்பது நிலையான வசிப்பையே என்று அவர் எழுதினார். இவ்வாறு ஆளுவதைக் கைவிடுமாறு மாநிலங்களை அவர் கேட்டுக்கொண்டார். யாரும் கைவிட்டதாகத் தெரியவில்லை. 2025-ஆம் ஆண்டு ஜனவரியில், சண்டிகரிலிருந்து வந்த வழக்கு ஒன்றில், மருத்துவ மேற்படிப்பு இடங்களை வசிப்பிடத்தைக் காட்டி ஒதுக்குவது செல்லாது என்று கூறியபோது, உச்ச நீதிமன்றம் இதே சொல் விளக்கத்தை மறுபடியும் செய்யவேண்டியதாயிற்று. எம்.பி.பி.எஸ். முதலிய இளநிலைப் படிப்புகளில் மாநில ஒதுக்கீடு அத்தீர்ப்புக்குப் பின்னும் இருந்து வருகிறது.

ஆகவே மும்பையில் டொமிசைல் சான்றிதழ் என்று ஒருவர் கேட்டால், அவர் கேட்பது நம் ஊர்ப் பற்றை அன்று. எத்தனை ஆண்டு இம்மாநிலத்தில் இருந்திருக்கிறோம் என்ற கணக்கை. மகாராஷ்டிரத்தில் அக்கணக்கு 15 ஆண்டு. கருநாடகத்தின் தொழிற்படிப்புச் சேர்க்கையில், குறைந்தது ஏழு கல்வியாண்டு அங்கே படித்திருப்பது ஒரு வழி. இந்தி பேசும் மாநிலங்கள் சிலவற்றில் இச்சான்றிதழுக்கு 'மூல் நிவாஸ்' என்று பெயர். 'மூல்' என்ற சொல்லைக் கண்டு, மூதாதையர் பிறந்த மண்ணைப் பற்றிய கேள்வி என்று நம்மவர் மிரண்டு ஒதுங்கிவிடுகின்றனர். ஆனால் அங்கேயும், குறிப்பிட்ட ஆண்டுகள் தங்கியவருக்கு வழி திறந்திருப்பதே பெருவழக்கு. தமிழ்நாட்டில் வழங்கும் பெயர்களோ வேறு: பிறப்பிடச் சான்றிதழ் என்று ஒன்று, இருப்பிடச் சான்றிதழ் என்று மற்றொன்று. இவை ஒன்றுக்கொன்று மாற்று அல்ல. எனவே, "நீங்கள் இங்கத்தவரா?" என்ற கேள்விக்கு, "இல்லை, தமிழ்நாடு" என்று பழக்கத்தினால் சொல்லிவிட்டு, நாற்பது ஆண்டு வாழ்ந்த மாநிலத்தில் உரிய சான்றிதழை வாங்காமலே விட்ட குடும்பங்கள் பல.

இதில் பிள்ளைகள் அகப்பட்டுக்கொள்ளும் விதம் ஒன்றைச் சொல்லியே ஆகவேண்டும். தலைப்பிரசவம் தாய்வீட்டில் என்பது நம் வழக்கம். ஆகவே மும்பையிலோ புனேயிலோ வளரும் பிள்ளையின் பிறப்புச் சான்றிதழில் மதுரை என்றோ தஞ்சாவூர் என்றோ இருக்கும். பத்தாம் வகுப்பு முடிந்ததும், நன்றாகப் படிக்கிற பிள்ளை மருத்துவனாகட்டும் என்று, நாமக்கல் பக்கத்து விடுதிப் பள்ளியொன்றில் பதினொன்றாம் வகுப்புக்குச் சேர்க்கிறார்கள். இரண்டு ஆண்டு கழித்துத் திரும்பும்போது, மகாராஷ்டிரத்தின் மருத்துவச் சேர்க்கை விதிகள், பத்தாம் வகுப்பையும் பன்னிரண்டாம் வகுப்பையும் அம்மாநிலத்தில் தேறியிருக்கவேண்டும் என்று பொதுவாகக் கேட்கின்றன. தமிழ்நாட்டிலோ, ஆறாம் வகுப்பு முதல் இங்கே படித்தவரா என்பது முதற்கேள்வி. இல்லையேல் பிறப்பிடச் சான்றிதழும் பெற்றோர் தமிழ்நாட்டவர் என்பதற்கான ஆவணங்களும் வேண்டும். தாத்தா காலத்திலேயே ஊரை விட்டுவந்து, வீட்டையும் விற்றுவிட்டவர்களுக்கு அந்த ஆவணங்கள் எளிதில் கிடைப்பதில்லை. பிள்ளை படித்தது குறைவன்று; படித்த இடம் மாறிவிட்டது. இவ்விதிகள் ஆண்டுதோறும் மாறக்கூடியவை. ஆதலால் பதினொன்றாம் வகுப்புக்கு மாநிலம் மாற்றும் முன்பே இரு மாநிலங்களின் தகவல் தொகுப்பேடுகளையும் வாங்கிப் படிப்பது பெற்றோர் கடமை.

சாதிச் சான்றிதழ் விஷயம் இதனினும் கடுமையானது. பட்டியல் சாதி, பழங்குடி என்று அரசியல் சட்டம் குறிப்பது, ஒவ்வொரு மாநிலத்தையும் ஒட்டியே. ஆந்திரத்தில் பிறந்து, தந்தையோடு சிறுவயதில் மும்பைக்கு வந்த மாணவர் ஒருவர், அங்கே மருத்துவக் கல்லூரியில் பழங்குடி ஒதுக்கீட்டைக் கேட்ட வழக்கில், 1990-இல் உச்ச நீதிமன்றம் அதை மறுத்தது. ஒரு மாநிலத்தின் பட்டியலில் உள்ளவர், குடிபெயர்ந்து சென்ற மாநிலத்திலும் அதே தகுதியைக் கேட்க இயலாது என்பது விதி. எத்தனை ஆண்டு வசித்தும், டொமிசைல் சான்றிதழ் கையில் இருந்தும் இது மாறாது. பட்டியலுக்குச் சொந்த மாநிலமே கணக்கு. கல்லூரி இடத்துக்கு வசித்த மாநிலமே கணக்கு. மத்திய அரசுப் பணிகளில் உரிமை போய்விடுவதில்லை. டில்லி நிர்வாகத்தின் கீழுள்ள பணிகளிலும் அனைத்திந்திய அளவில் ஒதுக்கீடு செல்லும் என்று 2018-இல் தீர்ப்பாகியிருக்கிறது. தாராவியிலும் கோலாரிலும் கூலிகளாய்ப் போய் உழைத்தவர்களின் பேரப்பிள்ளைகள்தாம் இவ்விதியின் முழுச் சுமையையும் தாங்குகின்றனர். இதை நியாயம் என்று சொல்ல நம் நாவு எழவில்லை. சட்டம் இவ்வாறு இருக்கிறது என்று மட்டும் சொல்லலாம்.

வாக்குரிமைக்கு இச்சொல்லே தேவைப்படுவதில்லை என்பதையும் போகிற போக்கில் குறித்துக்கொள்ளலாம். அங்கே வேண்டியது 'வழக்கமாக வசித்தல்'. ஊரில் வீடு இருக்கிறது என்ற ஒரே காரணத்தால் அத்தொகுதியில் வழக்கமாக வசிப்பவராக ஒருவரைக் கொள்ளமுடியாது என்று 1950-ஆம் ஆண்டின் மக்கள் பிரதிநிதித்துவச் சட்டம் கூறுகிறது.

இனி நாமினிக்கு வருவோம். நமக்கு நன்கு தெரிந்த குடும்பம் ஒன்றின் கதை இது. திருநெல்வேலிப் பக்கத்திலிருந்து இளம் வயதில் வந்து, தானே மாவட்டத்தில் ஒரு தொழிற்சாலையில் வேலைக்கு அமர்ந்தவர் ஒருவர். வங்கியில் பணம் போட்டபோது நாமினி என்ற கட்டத்தில் ஊரில் இருந்த தம்பியின் பெயரை எழுதினார். பிறகு திருமணமாகி இரண்டு பெண் குழந்தைகள் பிறந்தன. வைப்புத்தொகை புதுப்பிக்கப்பட்டுக்கொண்டே வந்தது. அதோடு தம்பியின் பெயரும் அப்படியே வந்தது. ஒருநாள் அவர் மாரடைப்பால் இறந்துபோனார். வங்கி, விதிப்படி தம்பியிடம் பணத்தைக் கொடுத்தது. தம்பி கெட்டவர் அல்லர். ஆனால் மனைவி வந்து கேட்டபோது, "அண்ணன் என் பேருக்குத்தானே எழுதி வச்சிருக்காக, மதினி" என்றார். அவர் அதை மனமார நம்பியே சொன்னார். அதற்குள் அப்பணத்தில் வயல் ஒன்றை வாங்கியும் விட்டிருந்தார்.

இந்த 'எழுதி வச்சிருக்காக' என்ற சொல்லில்தான் எல்லாம் இருக்கிறது. தமிழில் ஒருவர் பெயருக்கு எழுதி வைப்பது என்றால் உயில். அதாவது சொத்தையே கொடுத்துவிடுவது. நாமினி என்ற கட்டத்தில் பெயரை எழுதுவது அவ்வாறன்று. ஆங்கிலத்தில் 'ஈ' என்ற ஒலியோடு முடியும் இத்தகைய சொற்கள், பிரெஞ்சு வழிவந்த பழஞ்சட்ட மொழியிலிருந்து பிறந்தவை; ஒரு செயலுக்கு உட்பட்டவரை அவை குறிக்கின்றன. அம்முறைப்படி நாமினி என்பவர் பெயர் குறிக்கப்பட்டவர், அவ்வளவே. எதற்காகக் குறிக்கப்பட்டார் என்பதை அச்சொல் சொல்வதில்லை.

சொல்லின் பழைய வரலாறு இதற்குச் சான்று. ஐரோப்பாவில் அரசுகள் கடன் திரட்டியபோது, ஒருவரின் ஆயுள் உள்ளவரை ஆண்டுதோறும் தொகை தருவதாகப் பத்திரங்களை விற்றன. எவருடைய ஆயுளைக் கணக்கிட்டுத் தொகை தரப்பட்டதோ அவருக்கு நாமினி என்று பெயர். பணம் போட்டவர் வேறு, பெறுபவர் வேறு. நாமினி உயிரோடிருந்தால் போதும். பிரெஞ்சு அரசு, நாமினியின் வயதைப் பாராமல் ஒரே விகிதத்தில் இப்பத்திரங்களை விற்றபோது, ஜெனீவா நகரத்து வங்கிக்காரர்கள் 18-ஆம் நூற்றாண்டின் பிற்பகுதியில் ஒரு தந்திரம் செய்தார்கள். அம்மை கண்டு பிழைத்த, நல்ல உடற்கட்டுள்ள முப்பது சிறுமிகளைத் தேர்ந்து அவர்களை நாமினிகள் ஆக்கினார்கள். அச்சிறுமிகள் நீண்ட நாள் வாழ்ந்தார்கள். பணம் முதலீட்டாளர்களுக்கு வந்துகொண்டே இருந்தது. நாமினி என்ற சொல்லுக்கும் உரிமைக்கும் உள்ள தூரத்தை இதைவிட நன்றாகக் காட்ட முடியாது.

நம் நாட்டில் இதை 1983-ஆம் ஆண்டின் தீர்ப்பு ஒன்று நிலைநாட்டியது. ஒருவர் 10,000 ரூபாய் வீதம் இரண்டு ஆயுள் காப்பீட்டுப் பத்திரங்கள் எடுத்து, மனைவியை நாமினியாகக் குறித்திருந்தார். 1967-இல் உயில் எழுதாமல் இறந்தார். தாயும் மகனும் தங்கள் பங்கைக் கேட்டனர். பணம் முழுவதும் தனக்கே என்றார் மனைவி. டில்லி உயர் நீதிமன்றம் மனைவியின் பக்கம் நின்றது. உச்ச நீதிமன்றத்தில் நீதிபதி வெங்கடராமையா அதை மாற்றினார். நாமினியிடம் பணத்தைக் கொடுத்ததும் காப்பீட்டு நிறுவனத்தின் பொறுப்பு தீர்கிறது. ஆனால் பணம் வாரிசுச் சட்டப்படி உரியவர்களுக்கே சேரும் என்று கூறித் தாய், மனைவி, மகன் மூவர்க்கும் மூன்றில் ஒரு பங்கு என்று தீர்த்தார். வங்கி வைப்புத்தொகைக்கும் இதுவே விதி என்று 2010-இலும், நிறுவனப் பங்குகளுக்கும் இதுவே என்று 2023 டிசம்பரிலும் உச்ச நீதிமன்றம் கூறியது. சுருங்கச் சொன்னால் நாமினி, பணத்தை வாங்கி வைத்திருக்கும் கை. வங்கி யாரிடம் கொடுத்துக் கணக்கை முடிக்கலாம் என்ற கேள்விக்கு அக்கட்டம் பதில். யாருக்குச் சொந்தம் என்ற கேள்விக்குப் பதிலே அன்று.

காப்பீட்டில் மட்டும் 2015-ஆம் ஆண்டுத் திருத்தம் ஒரு மாறுதலைச் செய்தது. பெற்றோர், மனைவி அல்லது கணவன், பிள்ளைகள் ஆகியோரை நாமினியாகக் குறித்தால் அவர்களுக்கே பயன் சேரும் என்று அத்திருத்தம் சொல்கிறது. இதனால் வாரிசுச் சட்டம் விலகிவிடுகிறதா என்பதில் உயர் நீதிமன்றங்கள் ஒரே கருத்துடையனவாக இல்லை; வாரிசுகள் வந்து கேட்டால் நாமினியின் உரிமை அவர்களை வெல்லாது என்று கருநாடக உயர் நீதிமன்றம் 2025-இல் கருதியது. ஆகவே திருத்தத்தை நம்பி உயில் எழுதாமல் இருப்பது விவேகமன்று.

வெளியூர் வேலைக்கு வரும் இளைஞர்கள் சேமநிதிப் படிவத்தில் தாயின் பெயரை எழுதுவது இயல்பு. அன்றைக்கு அது சரியும்கூட. ஆனால் தொழிலாளர் சேமநிதி விதிப்படி, குடும்பம் இல்லாதபோது எழுதிய நியமனம், திருமணமாகிக் குடும்பம் உண்டானதும் செல்லாததாகிவிடுகிறது, புதிதாக எழுதவேண்டும். பலர் எழுதுவதில்லை. வங்கி ஊழியர் ஒருவர் திருமணத்துக்கு முன் தாயை நாமினியாக எழுதி, மாற்றாமலே இறந்த வழக்கு 2009-இல் உச்ச நீதிமன்றம்வரை சென்றது. நாமினி தாயே ஆனாலும், மனைவிக்கு உரிய பங்கு உண்டு என்று தீர்ந்தது. தீர்ந்தது என்று ஒரு சொல்லில் சொல்லிவிடுகிறோம். மகனை இழந்த தாயும் கணவனை இழந்த மருமகளும் அதற்காக எத்தனை ஆண்டு நீதிமன்றப் படிகளில் ஏறியிருப்பார்கள்!

மும்பையில் கூட்டுறவு வீட்டுச் சங்கங்களில் குடியிருப்போருக்கு மற்றொரு செய்தி. அங்கே வீட்டுக்கும் நாமினி உண்டு. உறுப்பினர் இறந்தால் நாமினியின் பெயர் சங்கத்தின் ஏட்டில் ஏறும். மகாராஷ்டிரத்தில் 2019-ஆம் ஆண்டின் திருத்தப்படி அவர் தற்காலிக உறுப்பினர். உண்மை வாரிசுகள் சேர்க்கப்படும்வரை அவ்விடத்தில் அமர்ந்திருப்பவர். சங்கத்தின் ஏட்டில் பெயர் ஏறியது என்பதால் வீட்டை விற்கும் உரிமை வந்துவிட்டதாக எண்ணுவது தவறு.

வங்கிகளில் 2025 நவம்பர் முதல் தேதியிலிருந்து, ஒரு வைப்புக்கு நான்கு பேர்வரை நாமினியாகக் குறிக்கலாம். யாருக்கு நூற்றுக்கு எத்தனை என்று பிரித்தும் குறிக்கலாம். அல்லது ஒருவருக்குப் பின் ஒருவர் என்றும் குறிக்கலாம். பெட்டகத்துக்கு மட்டும் ஒருவருக்குப் பின் ஒருவர் என்ற முறையே உண்டு. நூற்றுக்கு ஐம்பது, இருபத்தைந்து என்று பிரித்து எழுதும்போது பங்கு பிரித்துக் கொடுத்துவிட்டோம் என்ற மயக்கம் முன்னிலும் மிகும். அவ்வாறு பிரிவது பெற்றுக்கொள்ளும் பணம் மட்டுமே.

தமிழில் அச்சாகும் படிவங்களும் இம்மயக்கத்துக்குத் துணை செய்கின்றன என்பதை வருத்தத்தோடு குறிப்பிடவேண்டும். நாமினி என்பதற்கு 'வாரிசுதாரர்' என்றே சில படிவங்களில் மொழிபெயர்த்துவிடுகிறார்கள். வாரிசு என்பவர் சட்டத்தால் வருபவர். நாமினி, நாம் குறிப்பதால் வருபவர். 'நியமனதாரர்' என்ற சொல் இதற்கு உண்டு. அழகான சொல் என்று சொல்லமாட்டோம்; ஆனால் பொய் சொல்லாத சொல். இந்தியில் 'நாமிதி' என்றும், மராத்தியில் 'நாமநிர்தேசித வியக்தி' என்றும் வழங்குவதும் பெயர் குறிக்கப்பட்டவர் என்ற கருத்தையே தருகின்றன.

திருநெல்வேலிக்காரர் கதைக்கு மீள்வோம். இந்து வாரிசுரிமைச் சட்டம், 1956-இன்படி ஆண் ஒருவர் உயில் எழுதாமல் இறந்தால், தாயும் மனைவியும் மகன்களும் மகள்களும் முதல் வகுப்பு வாரிசுகள். அவர் விட்டுச் சென்றவை நான்கு பங்கு ஆயின: ஊரிலிருந்த தாய்க்கு ஒன்று, மனைவிக்கு ஒன்று, இரு பெண்களுக்கும் ஒவ்வொன்று. தம்பிக்குப் பங்கே இல்லை. வழக்கறிஞர் ஒருவர் இதைப் பொறுமையாக எடுத்துச் சொன்னபின், தம்பி வயலை விற்றுப் பணத்தைத் திருப்பிக் கொடுத்தார். நீதிமன்றம் போகவில்லை. ஆனால் இரு வீட்டாருக்கும் பேச்சு வார்த்தை இன்றளவும் இல்லை.

அவருக்கு வேறு சில பத்திரங்களும் வரவேண்டிய தொகைகளும் இருந்தன. அவற்றைப் பெறுவதற்கு வாரிசுரிமைச் சான்றிதழ் வேண்டியிருந்தது. 1925-ஆம் ஆண்டு இந்திய வாரிசுரிமைச் சட்டப்படி அதற்கு மனுச் செய்யவேண்டிய இடம், இறந்தவர் இறக்கும்போது வழக்கமாக வசித்த இடத்துக்குரிய மாவட்ட நீதிமன்றம். ஊரில் செய்துவிடலாம் என்று உறவினர் சொல்லி, அப்பெண்மணி இருமுறை குழந்தைகளோடு திருநெல்வேலிக்குப் போய் வெறுங்கையோடு திரும்பினார். கணவர் முப்பது ஆண்டு தானேயில் வாழ்ந்தவர். ஆகவே தானே நீதிமன்றமே உரியது. மனுவில் இறந்த தேதியும், அவர் வசித்த இடமும், குடும்பத்தாரும் நெருங்கிய உறவினரும் இன்னார் என்பதும், அவர்கள் ஒவ்வொருவரும் வசிக்கும் இடமும் எழுதப்பட்டன. சொந்த ஊர் என்ற கட்டம் அதில் இல்லை. நாமினி என்ற கட்டமும் இல்லை.